ஜாமீன் போட்டு நண்பரின் கடனை நீங்கள் கட்டினீர்களா? அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

"ஒரு கையெழுத்துதானே, மாப்பிள்ளை" என்றார் நண்பர். 2019-இல், திண்டுக்கல்லில் ஃபிளெக்ஸ் அச்சு இயந்திரம் வாங்க அவர் வங்கியில் எடுத்த ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கு நான் ஜாமீன் போட்டேன். பத்திரத்தைப் படிக்கவில்லை. பேனாவைக்கூட அவரிடம்தான் வாங்கினேன். 2022-இல் அவர் தவணை கட்டுவதை நிறுத்தினார். செப்டம்பரில் வங்கிக் கடிதம் என் வீட்டுக்கு வந்தது. அடுத்த வாரம் ஏ.டி.எம்.மில் என் சம்பளத்தை எடுக்க முடியவில்லை.

கடைசியில் 3,42,000 ரூபாய் நிலுவையை 2,90,000-க்குப் பேசி முடித்து நானே கட்டினேன். அந்த 2,90,000 ரூபாயும் 2025 ஜூலைக்குள் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. அதற்கு முன் கட்டிய 18,800 ரூபாய் மட்டும் வரவே இல்லை. அதற்கு நண்பரைக் குறை சொல்ல முடியாது, தவறு என்னுடையது. முதல் படியில் அதைச் சொல்கிறேன்.

நண்பருக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைமாற்றாக நேரடியாகப் பணம் கொடுத்தவர்கள் இரண்டாவது படியிலிருந்து படிக்கலாம். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிதென்றால் உங்கள் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

1. வங்கியில் பணம் கட்டுவதற்கு முன்

"முதலில் கடன் வாங்கியவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று வங்கியில் சண்டை போட்டு நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-இன்படி ஜாமீன்தாரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. வங்கி நேராக உங்களிடமே வரலாம்.

வாதாடுவதை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: கடன் ஒப்பந்தத்தின் நகல், நீங்கள் கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல், கடன் கணக்கின் முழு அறிக்கை, அடமானமாக என்னென்ன இருக்கின்றன என்ற விவரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. வங்கிக்குச் சேர வேண்டியதை நீங்கள் முழுவதுமாகக் கட்டிவிட்டால், நண்பர் கொடுத்த அடமானத்தின் மீது வங்கிக்கு இருந்த உரிமை உங்களுக்கு வருகிறது (பிரிவுகள் 140, 141). உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி அதை முன்பே விட்டுக்கொடுத்திருந்தால், அதன் மதிப்பளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும். அதையும் பேரத்தில் சொல்லலாம்.

பத்திரத்தில் இன்னொரு ஜாமீன்தாரின் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அவருடைய பங்கை அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆளுக்குச் சம பங்கு.

நிலுவை பல மாதங்களாக நிற்கிறது என்றால், தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ள வங்கிகள் பெரும்பாலும் சம்மதிக்கும். எனக்கு 52,000 குறைந்தது. ஆனால் நண்பரிடம் நீங்கள் கேட்க முடிவது, முறையாக நீங்கள் கட்டிய தொகையைத்தான் (பிரிவு 145). 2,90,000 கட்டிவிட்டு 3,42,000 கேட்க முடியாது. எந்த நியாயமும் இல்லாமல் வங்கியோடு வழக்காடித் தோற்றால், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி அந்த 18,800. முதல் கடிதம் வந்த பதற்றத்தில், 9,400 ரூபாய் வீதம் இரண்டு தவணைகளை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினேன். சலானில் நண்பரின் பெயர், நண்பரின் கடன் எண். செலுத்துபவர் என்ற இடத்தில் அவசரத்தில் ஒரு கிறுக்கல். அறிக்கையில் அது 'ரொக்க வரவு' என்று மட்டும் பதிவானது. பின்னால் நண்பர், "அந்த இரண்டு தவணையும் நான் கொடுத்தனுப்பியது" என்று சொன்னபோது மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஆகவே ஒரு ரூபாயைக்கூட ரொக்கமாகக் கட்டாதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து செக் அல்லது நெஃப்ட் மூலம் கட்டுங்கள். குறிப்பில் 'ஜாமீன்தார் செலுத்தியது' என்று எழுதுங்கள். கட்டி முடித்ததும் வங்கியிடம் இரண்டு காகிதங்கள் வாங்குங்கள்: நிலுவையில்லாச் சான்று, எந்தத் தேதியில் எவ்வளவு தொகையை ஜாமீன்தார் கட்டினார் என்று சொல்லும் கடிதம். இரண்டாவதைத் தானாகத் தர மாட்டார்கள். மேலாளருக்கு மனு எழுதி, அதன் நகலில் முத்திரை வாங்கி, மூன்று முறை நடந்து நான் அதைப் பெற்றேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் அச்சாணி.

2. தேதிகளை எழுதி வையுங்கள்

ஜாமீன்தார் கடன்காரர் மீது வழக்குப் போட மூன்று ஆண்டு காலவரம்பு. கணக்கு தொடங்குவது நீங்கள் வங்கியில் பணம் கட்டிய நாளிலிருந்து. கடன் வாங்கிய தேதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான் 2022 நவம்பரில் 1,50,000, 2023 ஜனவரியில் 1,40,000 கட்டினேன். முதல் தொகைக்கு 2025 நவம்பர், இரண்டாவதற்கு 2026 ஜனவரி என்று தனித்தனிக் கெடு. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்தே மூன்று ஆண்டு. "அடுத்த தீபாவளிக்குத் தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சு மூன்று தீபாவளிகளைத் தின்றுவிட்டால் வழக்கு செத்துவிடும்.

3. நண்பரிடம் பேசுங்கள், பேசியதைக் காகிதத்தில் வாங்குங்கள்

இந்தப் படியில் வெட்கப்பட்டால் அடுத்த எல்லாப் படிகளும் இருமடங்கு கடினம். நான் நான்கு மாதங்கள் வெட்கப்பட்டேன். 2023 ஜூன் மாதம் ஒரு மாலை அவர் கடைக்குப் போனேன். அச்சு இயந்திரத்தின் மேல் பழைய விளம்பரத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார். யாரோ ஒருவரின் காதணி விழா வாழ்த்து தலைகீழாகத் தெரிந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளருக்குப் பக்கத்தில் நான் காகிதத்தை எடுத்து வைத்தபோது மூன்று பேரும் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்று வாங்கியவை மூன்று.

முதலாவது, கடன் ஒப்புதல் கடிதம். அதில் நான் எழுதிச் சென்ற வாசகம்: "நான் வங்கியில் வாங்கிய கடனுக்கு ஜாமீன்தாரான இவர், கீழ்க்கண்ட தேதிகளில் மொத்தம் ரூ. 2,90,000-ஐத் தம் சொந்தப் பணத்திலிருந்து எனக்காகக் கட்டியிருக்கிறார். இத்தொகையை அவருக்கு நான் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்." கடன் எண், தேதிகள், கையெழுத்து, நாள், இரண்டு சாட்சிகள். மூன்றாண்டுக் கெடு முடிவதற்குள் கையெழுத்தோடு இப்படி ஒப்புதல் கிடைத்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும் (காலவரம்புச் சட்டம் பிரிவு 18). கெடு முடிந்த பிறகு வாங்கினால் இந்தப் பயன் கிடையாது. அப்போது 'திருப்பித் தருகிறேன்' என்ற தெளிவான எழுத்து வாக்குறுதி வேண்டும். அது வேறு கதை.

இரண்டாவது, புரோநோட்டு, அதாவது பணத்தைத் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் கடன் உறுதிச் சீட்டு. அச்சிட்ட படிவம் பத்திரக் கடைகளில் கிடைக்கும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பைத் தபால் நிலையத்தில் வாங்கி ஒட்டி, கையெழுத்து ஸ்டாம்பின் மேலும் தாளின் மேலும் படும்படி போடச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டைக் கோர்ட் சாட்சியமாக ஏற்காது. மற்ற ஆவணங்களைப் போலப் பின்னால் அபராதம் கட்டிச் சரிசெய்யவும் வழியில்லை. ஒரு ரூபாயில் லட்சங்கள் போகும் இடம் இது.

மூன்றாவது, தேதியிட்ட செக்குகள். 50,000 ரூபாய்க்கு மூன்று கொடுத்தார். தொகையும் தேதியும் எழுதாத வெற்று செக்கை வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். வேண்டாம். "வெறும் உத்தரவாதத்துக்குக் கொடுத்தது, அவராக நிரப்பிக்கொண்டார்" என்ற வாதத்துக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்பவும் செய்யாதீர்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அதனால் பழைய கைபேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.

வட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. கோபத்தில் "மாதம் மூன்று வட்டி" என்று எழுதி வாங்கினால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம். வட்டியே வேண்டாம், அல்லது வங்கி வட்டி போதும்.

4. வக்கீல் நோட்டீஸ்

பேச்சு பலிக்கவில்லை என்றால் நோட்டீஸ். எனக்கு 1,500 ரூபாய் ஆனது. ஊருக்கும் வக்கீலுக்கும் ஏற்ப மாறும். நோட்டீஸில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்: நீங்கள் கட்டிய தேதிகளும் தொகைகளும், பணம் தர எத்தனை நாள் அவகாசம் என்பது, அதற்கு மேல் வட்டி கோரப்படும் என்ற வரி. எழுத்தில் வட்டி ஒப்பந்தம் இல்லாதபோது, வட்டி கோருவோம் என்று எழுத்தில் அறிவித்த நாளிலிருந்துதான் கோர்ட் அதைக் கணக்கிட முடியும்.

பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் ஒப்புகை வசதியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கடை, வீடு, ஆதாரில் உள்ள முகவரி என்று தெரிந்த எல்லா முகவரிகளுக்கும் அனுப்புங்கள். 'வாங்க மறுத்துவிட்டார்' என்று உறை திரும்பி வந்தால் பிரிக்கவே கூடாது. ஒட்டியபடியே அதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும். என் வீட்டில் என் தந்தை, எனக்கு வந்த கடிதம் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன்.

5. செக் திரும்பினால்: நாள்காட்டியை முன்னால் வையுங்கள்

செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138-ஐப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நாள் கணக்குதான் தெரியாது.

செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிவிட்டது என்று வங்கி உங்களுக்குத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டாவிட்டால், அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டிலேயே போடலாம். நண்பரின் ஊருக்கு அலைய வேண்டாம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

என் முதல் செக் 2023 ஆகஸ்டில் திரும்பியது. "வெள்ளிக்கிழமை பணம் வந்துவிடும்" என்று நண்பர் சொன்ன வெள்ளிக்கிழமைகளை எண்ணி 30 நாளைத் தவறவிட்டேன். தலையில் கைவைத்து உட்கார்ந்தவனிடம் வக்கீல், "செக் தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லையே, மீண்டும் போடுங்கள்" என்றார். இரண்டாம் முறை திரும்பியதை வைத்தும் நோட்டீஸ் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாக்கியிருக்கிறது. அக்டோபரில் மீண்டும் போட்டேன், மீண்டும் திரும்பியது, ஆறாம் நாள் நோட்டீஸ் போனது. வங்கி தரும் 'போதிய இருப்பு இல்லை' என்ற மெமோவைச் செக்கோடு சேர்த்து வையுங்கள். மடிக்காதீர்கள், ஓட்டை போடாதீர்கள்.

இன்னொரு பொறி: செக் கொடுத்த பிறகு நண்பர் பத்தாயிரம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் செக்கின் பின்புறம் குறிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் 138 வழக்கு நிற்காது. இதுவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான், 2022-இல் வந்தது. மீதித் தொகைக்குப் புதிய செக் வாங்குவதே எளிது.

6. காவல் நிலையம்

மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லிப் பத்துப் பேர் சொல்வார்கள். மோசடி என்று ஆக வேண்டுமானால், கடன் வாங்கிய நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். தொழில் நொடித்துத் தவணை தவறியது மோசடி ஆகாது. போலிச் சம்பளச் சான்று, போலிப் பில், உங்கள் கையெழுத்தையே போட்டுவிட்டது போன்றவை இருந்தால் தயங்காமல் போங்கள், மனு ரசீது வாங்குங்கள். மற்றபடி "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அவருடைய வண்டியைத் தூக்கி வருவது, கடைக்குப் பூட்டுப் போடுவது, குடும்பக் குழுவில் பெயரைப் போட்டு எழுதுவது எல்லாம் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலைகள்.

7. லோக் அதாலத்: நான் போன வழி

வழக்கே போடாமல் லோக் அதாலத்துக்கு, அதாவது இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போக முடியும் என்பது எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். வெள்ளைத் தாளில் மனு, மேலே சொன்ன காகிதங்களின் நகல்கள், உங்கள் அடையாள அட்டை. கட்டணம் கிடையாது. அவர்கள் நண்பருக்கு அழைப்பு அனுப்புவார்கள். அவர் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதுதான் இந்த வழியின் பலவீனம். என் நண்பர் செக் நோட்டீஸுக்குப் பயந்து வந்தார்.

2024 மார்ச்சில் இரண்டாவது அமர்வில் முடிந்தது: கையோடு 50,000, ஏப்ரல் முதல் மாதம் 15,000 வீதம் 16 தவணை. வட்டியை விட்டுக்கொடுத்தேன். ஒரு வரியை மட்டும் விடாப்பிடியாக எழுதச் சொன்னேன்: தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தரப்பட வேண்டும். இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத் தீர்ப்பு சிவில் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லை என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். தொகையை ஒருமுறைக்கு இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

8. சிவில் வழக்கு

அவர் எதற்கும் அசையவில்லை என்றால் இது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கான கோர்ட் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2,90,000 ரூபாய்க்கு 8,700 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. அதை மொத்தமாகப் பேசுகிறீர்களா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா என்பதை முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வழக்கு நடக்கும்போது லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கையில் புரோநோட்டோ எழுத்து ஒப்பந்தமோ இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37-இன்கீழ் சுருக்க வழக்காகப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிராளி 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்யவே கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். சாதாரண வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்றால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடலாம். அதற்கு வெறும் சந்தேகம் போதாது, விற்பனை விளம்பரமோ முன்பண ஒப்பந்தமோ ஏதாவது காட்ட வேண்டும்.

9. டிகிரி கிடைத்த பிறகு

டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. பணம் தானாக வராது, நிறைவேற்று மனுப் போட வேண்டும். நண்பர் சம்பளக்காரர் என்றால், மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. எஞ்சிய பங்கையும் ஒரே டிகிரிக்கு 24 மாதம் வரைதான் பிடிக்கலாம். 31,000 சம்பளம் என்றால் மாதம் 10,000, ஆக மொத்தம் 2,40,000-க்கு மேல் அந்த வழியில் வராது. வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க முடியாது. வழக்குப் போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சமரசத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். என் வக்கீல் இதைப் போட்டுக் காட்டிய பிறகுதான் நான் வட்டியை விட்டேன்.

10. தவணை வாங்கும்போதும் காகிதம்

தவணைகளை உங்கள் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். ரொக்கமாகத் தந்தால் ரசீது எழுதி, நகலில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். கோர்ட்டில் டிகிரி இருக்கும்போது வெளியே பணம் கைமாறினால், அதை அங்கே பதிவு செய்ய வேண்டும். கடைசித் தவணை முடிந்ததும் புரோநோட்டின் குறுக்கே 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மீதிச் செக்குகளோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவற்றின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இதற்கிடையில் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். ஜாமீன் போட்ட கடன் உங்கள் பெயரிலும் நிற்கும். நிலுவையில்லாச் சான்றை இணைத்து, திருத்தக் கோரிக்கையை வங்கிக்கும் சிபிலுக்கும் அனுப்புங்கள். குறைத்துக் கட்டி முடித்த கடன், 'முழுவதும் கட்டப்பட்டது' என்று வராமல் 'பேசித் தீர்க்கப்பட்டது' என்று வரும். அடுத்து நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தச் சொல் கேள்விக்கு வரும், கடிதங்களைக் கையில் வைத்திருங்கள்.

என் கடைசித் தவணையை 2025 ஜூலையில் நண்பரின் மகன் ரொக்கமாகக் கொண்டுவந்தான். ரசீதும் செக்குகளும் புரோநோட்டும் உறையில் போட்டுக் கொடுத்தேன். பையன் அதை எண்ணிப் பார்த்து, "அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கச் சொன்னார்" என்று என்னிடமே ஒரு தாளை நீட்டினான்.